"கேன்சர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க": ரத்தத்தில் இருக்கும் புரதம் என்ன சொல்லும்?

மாதத்துக்கு நாலைந்து பேராவது எங்கள் லேப் கவுன்டருக்கு வந்து, பக்கத்தில் நிற்பவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "யம்மா, அந்த கேன்சர் டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க." எந்த உறுப்புக்கு, டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டால் முகம் சுருங்கும். "சுகர் பார்க்கற மாதிரி ரத்தத்துலயே தெரிஞ்சிடுமாமே, இன்னாத்துக்கு இவ்ளோ கேள்வி?" என்பார்கள்.

வேலூரில் லேப் டெக்னீஷியனாக எனக்கு இருபது வருஷம் ஆகிறது. இந்தக் கேள்விக்குக் கவுன்டரில் நின்றபடி பதில் சொல்ல முடிவதில்லை, பின்னால் வரிசை நிற்கும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ரத்தம் எடுப்பவள், மெஷினில் ஏற்றுபவள், வரும் எண்ணைச் சரிபார்ப்பவள். அந்த எண் எப்படி வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக் குடும்பங்கள் எப்படி ஆடிப்போகின்றன என்பதும் தெரியும். ஒரு முறை என் குடும்பமே ஆடிப்போனது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த சுகர் ஒப்பீடு. சுகர் டெஸ்டில் நாங்கள் அளப்பது குளுக்கோஸ். ரத்தத்தில் குளுக்கோஸ் கூடிக் கிடப்பதுதான் அந்த நோயே. கேன்சரில் கட்டி எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறது. அதிலிருந்தோ, அதைச் சுற்றியுள்ள திசுவிலிருந்தோ கசிந்து ரத்தத்தில் கலக்கும் ஏதோ ஒரு புரதத்தைப் பிடித்து, "இது இவ்வளவு இருக்கிறதே, அங்கே என்ன நடக்கிறது?" என்று ஊகிக்கிறோம். அப்படிப்பட்ட புரதத்தைத்தான் பயோமார்க்கர் என்கிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் டியூமர் மார்க்கர் என்று இருக்கும்.

இது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. 1845-ல் லண்டனில் எலும்பு வலியால் துடித்த ஒரு வியாபாரியின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் வந்தது. சூடாக்கினால் அது திரிந்து கெட்டியானது, கொதிக்க வைத்தால் தெளிந்துவிட்டது, ஆறினால் மறுபடி கெட்டியானது. முட்டை வெள்ளைக்கரு ஒருமுறை வெந்தால் வெந்ததுதான், திரும்பத் தண்ணீராகாது. இது ஆகிறது. எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா என்ற புற்றுநோயில் செல்கள் கொட்டித் தள்ளும் புரதம் அது. ஒரு விளக்கும் ஒரு கண்ணாடிக் குழாயும் இருந்தால் பார்த்துவிடக்கூடிய முதல் கேன்சர் மார்க்கர். 180 வருஷம் கழித்தும் 'பென்ஸ் ஜோன்ஸ் புரோட்டீன்' என்று சீட்டில் எழுதி அனுப்புகிறார்கள். சிறுநீர் டப்பாவைக் கையில் வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்த வியாபாரி ஞாபகம்தான் வரும்.

அகழியும் கோயிலும்

இனி ரத்தத்துக்கு வருவோம். ஆண்களுக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். புராஸ்டேட் சுரப்பி இதைத் தினமும் தயாரிக்கிறது. விந்து இளகி நீர்த்துப்போக இது வேண்டும். விந்தில் இருக்கும் அளவோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் இருப்பது லட்சத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சுரப்பிக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவே இருக்கும் சுவர்கள் அதை உள்ளேயே நிறுத்தி வைக்கின்றன.

வேலூர்க்காரர்கள் கோட்டை அகழியை நினைத்துக்கொள்ளலாம். அகழியில் தண்ணீர் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. 2021 நவம்பர் மழையில் அந்தத் தண்ணீர் ஏறி, கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே வந்து நின்றது. கோயிலுக்குள் தண்ணீரைப் பார்த்ததும் எங்கோ ஏதோ சரியில்லை என்று தெரிகிறது. மழை அதிகமா, வடிகால் அடைத்துக்கொண்டதா, சுவரில் வெடிப்பா என்பதை அந்தத் தண்ணீரை மட்டும் உற்றுப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? பிஎஸ்ஏ அப்படித்தான். புற்றுநோய் சுவரைச் சிதைத்தால் ரத்தத்தில் ஏறும். வயதானதால் சுரப்பி பெருத்தாலும் ஏறும். சிறுநீர்த் தொற்று வந்தாலும், டியூப் போட்டிருந்தாலும், முந்தின இரவு தாம்பத்தியம் இருந்தாலும் ஏறும். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டால் பாதியாக இறங்கும். பிஎஸ்ஏ புராஸ்டேட்டின் புரதம். அது கேன்சரின் புரதம் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோட்டை பெரிது, வெடிப்பு மயிரிழை அளவு என்றால் கோயில் தரை காய்ந்தே கிடக்கும். ஒரு சென்டிமீட்டர் கட்டியில் சுமார் நூறு கோடி செல்கள் இருக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். அவ்வளவு இருந்தும் ஐந்து லிட்டர் ரத்தத்தில் அது விடும் புரதம் கரைந்து காணாமல் போகலாம். ஆக ஆரம்பத்தில் கண்டுபிடிப்பது என்றாலே, எது மிகக் குறைவாகக் கசிகிறதோ அதைத் தேடுவது என்று அர்த்தம்.

எவ்வளவு குறைவு? பிஎஸ்ஏவுக்கு வழக்கமாகச் சொல்லும் எல்லை ஒரு மில்லிக்கு 4 நானோகிராம். நானோகிராம் என்றால் ஒரு கிராமை நூறு கோடியாகப் பங்கு போட்டதில் ஒரு பங்கு. அதே ஒரு மில்லியில் அல்புமின் என்ற சாதாரணப் புரதம் சுமார் 40 மில்லிகிராம் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் ஒரு கோடிக்கு ஒன்று. 2011 கணக்கெடுப்பில் பழைய வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39 லட்சம். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்திருந்த அந்த மாவட்டத்தை மூன்று மடங்காக்கினாலும் கோடியைக் கொஞ்சம்தான் தாண்டும். அந்தக் கூட்டத்துக்குள் ஒரே ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கண்டுபிடிக்கிற வேலை இது.

காட்பாடியில் அட்டை பிடிப்பவர்

கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதான் எனக்கு இன்றும் அதிசயம். அதைச் செய்வது ஆன்டிபாடி, தமிழில் எதிர்ப்பொருள். நம் உடம்பு கிருமிகளைப் பிடிக்கச் செய்யும் அதே வகைப் புரதம். ஒவ்வோர் ஆன்டிபாடியும் ஒரு குறிப்பிட்ட வடிவத்தை மட்டுமே பிடிக்கும்.

காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா ரயில் வந்து நிற்கும் நேரத்தில் பாருங்கள். கையில் எக்ஸ்ரே கவரோடு வங்காளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். பேர் எழுதிய அட்டையோடு ஒருவர் வாசலில் நிற்கிறார். ஆயிரம் பேர் அவரைத் தாண்டிப் போகிறார்கள், அவர் அசைவதில்லை. தனக்குரிய ஆள் வந்ததும் கையைப் பிடித்துக்கொள்கிறார். இதுதான் முதல் ஆன்டிபாடி. பிளாஸ்டிக் தட்டில் இருக்கும் சின்னக் குழியின் அடியில் ஒட்டி வைத்திருப்போம். சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரிந்து நிற்கும் தெளிந்த நீரை, ஊற்றினால் அந்தப் புரதம் மட்டும் மாட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் கழுவும்போது போய்விடும். பிறகு இரண்டாவது ஆன்டிபாடியை விடுகிறோம். அது அதே ஆளின் மறுதோளைப் பிடித்துச் சட்டையில் ஒரு விளக்கைக் குத்திவிடுகிறது. எத்தனை விளக்கு எரிகிறது என்று மெஷின் எண்ணுகிறது. இரண்டு பக்கமும் பிடிப்பதால் இதை சாண்ட்விச் முறை என்கிறோம். மருந்துக்கடையில் வாங்கும் கர்ப்பம் பார்க்கும் பட்டையும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதில் பிடிபடுவது ஹெச்சிஜி. விந்தகத்தில் வரும் சில வகைக் கேன்சர்களும் இதே ஹெச்சிஜியைச் சுரக்கும் என்பதால், அந்தப் பட்டை ஓர் ஆணுக்கும் இரண்டு கோடு காட்டலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதைக் கையால் செய்தோம். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ரத்தத்தை அரைமணி நேரம் உறைய விட்டு, சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் மேலே தெளிந்த தேன் நிறத்தில் சீரம் நிற்கும். அதைக் குழி குழியாக விட்டு, கழுவி, மறுபடி விட்டு, கடைசியில் ஆசிட் சொட்டினதும் நீலமாக இருந்தது பளிச்சென்று மஞ்சளாகும். எந்தக் குழி அதிக மஞ்சளோ அதில் அதிகப் புரதம். இப்போது எல்லாம் மெஷினுக்குள்ளே நடக்கிறது, மஞ்சளைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. கதிர்வீச்சு விடும் ரேடியோ ஐசோடோப்பை வைத்து இப்படி அளக்கலாம் என்று முதலில் காட்டியவர்கள் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும். யாலோவுக்கு 1977-ல் நோபல் கிடைத்தது, பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மாதிரி ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் தயாரிக்கும் வழியை 1975-ல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். அது இல்லாமல் இன்றைய லேப் இல்லை.

மெஷின் ஏமாறுவதும் உண்டு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் சாப்பிட்டுவிட்டு வந்தால் சில மெஷின்களில் எண் தப்பாக வரும். சொல்லிவிட்டு ரத்தம் கொடுங்கள். புரதம் அளவுக்கு மீறி இருந்தாலும் வில்லங்கம்தான். ஒரே பேருள்ள ஆயிரம் பேர் ஒன்றாக இறங்கினால், அட்டைக்காரர் ஒருவரைப் பிடித்திருப்பார், விளக்கு வேறொருவர் சட்டையில் ஏறியிருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் சேராததால் எண் குறைவாகக் காட்டும். சந்தேகம் வந்தால் சீரத்தை நீர்க்க வைத்து மறுபடி ஓட்டுவோம்.

பெரியம்மாவின் 412

இப்போது என் வீட்டுக் கதை. குடியாத்தத்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 58. வயிறு உப்பிக்கொண்டே போனது, சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், உடம்பு இளைத்தது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு லேபில் பேக்கேஜ் டெஸ்ட் எடுத்தார்கள். எந்த லேப் என்பது இங்கே வேண்டாம். சிஏ-125 என்ற வரியில் 412 என்று தடித்த எழுத்து, பக்கத்தில் சிவப்பில் ஓர் அம்புக்குறி. எல்லை 35. ரிப்போர்ட்டை நீட்டிய பையன், "சினைப்பை கேன்சர் மார்க்கர்ம்மா, பத்து மடங்குக்கு மேல இருக்குது" என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை.

அன்று ராத்திரி பெரியம்மா எனக்குப் போன் செய்தார். அழவில்லை. "இன்னாடி, இன்னும் எத்தினி மாசம்னு மட்டும் சொல்லு. சின்னவளுக்குக் கல்யாணத்த முடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

சிஏ-125 பற்றி நான் அவருக்குச் சொன்னது இதுதான். 1981-ல் ராபர்ட் பாஸ்டும் உடன் இருந்தவர்களும் சினைப்பைக் கேன்சர் செல்லைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தேடினார்கள். தேறியதற்கு 125 என்று எண். பேர் அப்படி வந்ததுதான். அந்தப் புரதத்தைச் சினைப்பைக் கட்டி மட்டும் செய்வதில்லை. வயிற்றுக்குள் குடலையும் உறுப்புகளையும் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வும் செய்கிறது. அந்தச் சவ்வை எது உறுத்தினாலும் எண் ஏறும். மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், கருப்பையில் நார்க்கட்டி, ஈரல் சுருக்கம், இதயம் பலவீனமாகி நீர் கோப்பது என எதுவாகவும் இருக்கலாம். நம் ஊரில் இன்னொன்றை மறக்கவே கூடாது, வயிற்றில் வரும் டிபி.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்று நீரை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர் செல் இல்லை. ஏடிஏ என்ற நொதி அதிகம் இருந்தது. டிபியில் ஏறுவது அது. அதுவும் ஒரு புரதம்தான், அதுவும் ஒரு மார்க்கர்தான். சிறு துளை வழியே குழாய் விட்டு, சவ்விலிருந்து துணுக்கு எடுத்து பயாப்சி செய்தார்கள். டிபி என்று உறுதியானது. ஆறு மாதம் மாத்திரை. இடையில் ஒரு தடவையும் முடிவில் ஒரு தடவையும் சிஏ-125 பார்த்தோம். 96, பிறகு 19.

எல்லாருக்கும் இப்படி முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு வயிற்றில் நீரும் 412-ம் இருந்தால் டாக்டர்கள் கேன்சரை முதலில் சந்தேகிப்பதே சரி. உடனே போய்ப் பார்த்ததால்தான் டிபியும் நேரத்தில் பிடிபட்டது. மறுபக்கம், சினைப்பைக் கேன்சர் முதல் நிலையில் இருக்கும் பெண்களில் சுமார் பாதிப் பேருக்கு சிஏ-125 ஏறுவதே இல்லை. 35-க்குக் கீழே வந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர் கதையையும் நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு லட்சம் பேர் கணக்கு

"சரி, இன்னும் நல்ல டெஸ்டா ஒண்ணு கண்டுபிடிச்சா போச்சு" என்று என் தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்ன கணக்கை இங்கேயும் போடுகிறேன். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு ரத்தம் எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேருக்கு ஒரு குறிப்பிட்ட கேன்சர் மறைந்து இருக்கிறது. நம் டெஸ்ட் அருமையான டெஸ்ட். கேன்சர் இருப்பவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 95 சதவீதத்துக்குச் சரியாக 'இல்லை' என்று சொல்லும். 100-ல் 90 பேர் பிடிபட்டார்கள். நல்லது. மீதி 99,900 பேரில் 5 சதவீதம், அதாவது 4,995 பேருக்கும் சிவப்பு அம்புக்குறி விழுகிறது. மொத்தம் 5,085 குடும்பங்கள் அன்று ராத்திரி தூங்கவில்லை. உண்மையில் நோய் இருப்பது 90 பேருக்கு. சிவப்பு விழுந்த 56 பேரில் ஒருவருக்கு.

டெஸ்ட் மோசம் என்பதால் இப்படி ஆகவில்லை. தேடும் நோய் அந்தக் கூட்டத்தில் அரிது என்பதால் ஆனது. அதே டெஸ்டை, ஹெபடைட்டிஸ் பி யாலோ குடியாலோ ஈரல் சுருங்கிப்போன 1,000 பேருக்கு எடுப்போம். அங்கே 30 பேருக்கு ஈரல் கேன்சர் இருக்கிறது என்று கொண்டால் 27 பேர் பிடிபடுவார்கள், வீணாகப் பயப்படுபவர்கள் 48 பேர். சிவப்பு விழுந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிஜம். மெஷின் அதே, ஆன்டிபாடி அதே, உட்கார்ந்திருக்கும் ஆள்தான் வேறு. ஈரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனோடு ஏஎஃப்பி என்ற புரதத்தையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். கல்யாணமாகி மூன்று மாதமான பெண்ணுக்குப் பேக்கேஜில் சேர்த்து ஏஎஃப்பி பார்த்தால் வேறு கதை ஆகும். கருவில் இருக்கும் பிள்ளையின் ஈரல் செய்யும் புரதம் அது, கர்ப்பமாக இருந்தாலே எண் ஏறி நிற்கும்.

சிஇஏ என்று ஒன்று எல்லாப் பேக்கேஜிலும் இருக்கும். 1965-ல் கனடாவில் பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் குடல் கேன்சரில் கண்டுபிடித்தது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சும்மாவே கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பேரணாம்பட்டுப் பக்கம் நாற்பது வருஷம் பீடி இழுத்தவருக்கு 5-க்கு மேல் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கணையத்துக்குப் பார்க்கும் சிஏ 19-9-ஐச் சிலரால் பிறவியிலேயே தயாரிக்க முடியாது. அவர்களுக்குக் கட்டி எவ்வளவு பெரிதானாலும் எண் ஏறாது.

எங்கே இது கைகொடுக்கிறது

இவ்வளவு குறை சொன்னாலும் நான் தினமும் ஓட்டும் டியூமர் மார்க்கர் சாம்பிள்களில் பெரும்பாலானவை அர்த்தமுள்ளவை. ஏற்கெனவே கேன்சர் என்று உறுதியாகி, சிகிச்சை நடப்பவர்களுடையவை அவை. புராஸ்டேட்டை முழுதாக எடுத்துவிட்டவருக்குச் சில வாரங்களில் பிஎஸ்ஏ கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிட வேண்டும். வருஷம் கழித்து அது 0.1, 0.2 என்று தலைதூக்கினால், ஸ்கேனில் எதுவும் தெரியாத நேரத்திலேயே டாக்டருக்குச் சேதி போய்விடும். குடல் கேன்சர் ஆபரேஷனுக்குப் பிறகு சிஇஏ, முத்துப்பிள்ளைக் கர்ப்பத்துக்குப் பிறகு (கருவுக்குப் பதில் கொத்துக்கொத்தாக நீர்ப்பைகள் வளர்வது) ஹெச்சிஜி, எல்லாம் இந்த வகை. இங்கே யாரோடும் ஒப்பிடுவதில்லை. அந்த ஆளின் போன மாத எண்ணே அவருக்கு அளவுகோல். லேபுக்கு லேப் மெஷின் மாறும், மெஷினுக்கு மெஷின் எண் மாறும். அதனால் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரே லேபில் பாருங்கள். வியாபாரத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் லேபாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆரோக்கியமானவர்களிடம் தேடுவதிலும் நன்றாக வேலை செய்யும் புரதம் ஒன்று உண்டு. அது ஒரு கேன்சர் மார்க்கர் என்றே யாரும் நினைப்பதில்லை. ஹீமோகுளோபின்! ரத்தத்தில் இல்லை, மலத்தில். பெருங்குடலில் கட்டியோ, நாளைக்குக் கட்டியாக மாறக்கூடிய சதை முளையோ இருந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியும். ஃபிட் என்ற டெஸ்ட் அந்த ஹீமோகுளோபினை ஆன்டிபாடி வைத்துப் பிடிக்கிறது. பல நாடுகளில் வீட்டுக்குத் தபாலில் அனுப்பி வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு முன்னால் இருந்த பழைய மலப் பரிசோதனை ரசாயன முறையில் நடந்தது. மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்று அதற்கு வித்தியாசம் தெரியாது. முந்தின நாள் ஆம்பூர் மட்டன் பிரியாணி சாப்பிட்டிருந்தால் அதுவே கணக்கைக் கெடுக்கலாம் என்று மூன்று நாள் பத்தியம் வைப்பார்கள். ஃபிட்டின் ஆன்டிபாடிக்கு மனித ஹீமோகுளோபின் மட்டுமே தெரியும். பிரியாணிக்குத் தடையில்லை.

முன்கூட்டியே தெரிந்தால் போதுமா

இதுவரை எண் பற்றிப் பேசினோம். அதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று இருக்கிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் ஆள் பிழைக்கிறாரா?

வேலூரிலிருந்து சென்னைக்குப் பஸ் போகிறது. அதில் உங்கள் நண்பர் இருப்பதை வாலாஜாவில் பார்த்தீர்களா, ஸ்ரீபெரும்புதூரில் பார்த்தீர்களா என்பதால் பஸ் சென்னை சேரும் நேரம் மாறாது. வாலாஜாவில் பார்த்தவர், "நான் பார்த்த பிறகு ரெண்டு மணி நேரம் பயணம் செஞ்சார்" என்பார். மற்றவர் முக்கால் மணி என்பார். டெஸ்ட் எடுத்தவர்கள் கண்டுபிடித்த பிறகு இத்தனை வருஷம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று விளம்பரத்தில் வந்தால் இந்தப் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வாலாஜாவில் பார்த்ததும் ஓடிப்போய் அவரை இறக்கிவிட முடிந்ததா என்பதே விஷயம்.

பிரிட்டனில் 2,02,638 பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வருஷா வருஷம் சிஏ-125 பார்த்தார்கள். 35 என்ற ஒற்றை எல்லையை விட்டுவிட்டு, அந்தந்தப் பெண்ணின் பழைய எண்ணிலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிட்டார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆரம்ப நிலையில் பிடிபட்டவர்கள் கூடவும் செய்தார்கள். ஆனால் 2021-ல் வெளியான முடிவில், சினைப்பைக் கேன்சரால் இறந்தவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. படித்தபோது எனக்கே மனது விட்டுப்போனது.

பிஎஸ்ஏவில் கதை கொஞ்சம் மாறும். ஐரோப்பாவில் 7 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு, 2009-ல், புராஸ்டேட் கேன்சர் சாவு சுமார் 20 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. ஒரு சாவைத் தடுக்க 1,410 பேரைப் பரிசோதனைக்கு அழைத்து, கூடுதலாக 48 பேருக்குச் சிகிச்சை கொடுக்க வேண்டியிருந்தது. அந்த 48-ல் பலருக்கு இருந்தது, ஆயுசு முழுக்க வாலாட்டாமல் கிடந்திருக்கக்கூடிய கட்டி. ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் அடக்க முடியாமல் போவது, தாம்பத்தியம் முடியாமல் போவது எல்லாம் இவர்கள் கொடுத்த விலை. இதனால்தான் 55 வயதுக்காரர் வந்து கேட்டால், டாக்டரிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள் என்கிறேன். வேண்டாம் என்று சொல்வதில்லை.

இப்போது ஆராய்ச்சி போகும் வழி ஒற்றைப் புரதத்தை விட்டுக் கூட்டத்துக்கு வந்திருக்கிறது. 2018-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 8 புரதங்களையும் 16 மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கும் கேன்சர்சீக் என்ற டெஸ்டை வெளியிட்டது. ஆரோக்கியமான 812 பேரில் 7 பேருக்கு மட்டுமே தவறாகக் காட்டியது. பிரமாதம். ஆனால் முதல் நிலைக் கேன்சரில் பிடித்தது 43 சதவீதம். அதுவும் நோய் இருப்பது ஏற்கெனவே தெரிந்தவர்களிடம். 2024-ல் ஆக்ஸ்போர்டுக் குழு, பிரிட்டனில் 44,000 பேருக்கு மேல் சேமித்து வைத்திருந்த ரத்தத்தில் ஆயிரத்துச் சொச்சம் புரதங்களை அளந்தது. 19 வகைக் கேன்சர்களோடு தொடர்புள்ள 618 புரதங்கள் கிடைத்தன. அதில் 107 புரதங்கள், நோய் தெரிவதற்கு ஏழு வருஷத்துக்கு முன்பு எடுத்த ரத்தத்திலேயே மாறியிருந்தன. ஏழு வருஷம்! அவை கட்டியின் கசிவா, கட்டிக்கு இடம்கொடுக்கும் உடம்பின் மாற்றமா என்பதைப் பிரித்தறிவதே ஒரு தனி வேலை. தொடர்பு இருப்பது தெரிந்துவிட்டது என்பதற்கும், என் கவுன்டரில் சீட்டு எழுதலாம் என்பதற்கும் நடுவே இன்னும் பல வருஷம் கிடக்கிறது.

அதுவரை? 2023-ல் தமிழக அரசு கேன்சர் பரிசோதனைத் திட்டம் ஒன்றை நான்கு மாவட்டங்களில் தொடங்கியது. அதில் இரண்டு, நம் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றுக்கும் பார்க்கிறார்கள். அதில் ரத்தப் புரதம் எதுவும் இல்லை. டார்ச் அடித்து வாயைப் பார்ப்பது, கையால் மார்பகத்தைத் தடவிப் பார்ப்பது போன்ற பழைய வேலைகள்தான். பேக்கேஜுக்கு மூவாயிரம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், வீட்டு வாசலுக்கே வந்து அழைக்கும் நர்ஸம்மாவிடம் "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, போய் வாங்க" என்று சொல்லி அனுப்புவதைப் பார்க்கிறேன். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து, "இப்ப இன்னா செய்யறது?" என்பவர்களுக்கு நான் சொல்வது, எண்ணோடு நேராக டாக்டரிடம் போங்கள் என்பதுதான். வலி, காய்ச்சல், எடை இறங்கியது, மாத்திரைகள், கடைசி மாதவிலக்குத் தேதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். கொஞ்சமாகக் கூடியிருந்தால், சில வாரம் விட்டு மறுபடி பார்க்கச் சொல்வார்கள், அது அலட்சியம் இல்லை. உடம்பில் கட்டியோ ரத்தப்போக்கோ இருந்து எண் நார்மலாக வந்திருந்தால், அந்த நார்மலைக் காட்டி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியம்மா தன் ரிப்போர்ட்டுகளையெல்லாம் சின்னவளின் முகூர்த்தப் புடவை வந்த பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். கல்யாணம் தை மாதம் முடிந்தது. போன வாரம் போயிருந்தபோது எடுத்துக் காட்டினார். 412 மேலேயும் 19 அடியிலேயும் இருந்தது. "இந்தப் பத்தொம்போத இன்னும் கொறைக்கறதுக்கு எதனா சாப்பிடணுமாடி?" என்று கேட்டார். அது அங்கேயே இருக்கட்டும் பெரிம்மா, எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும் என்றேன்.